கயாக்கில் பிடித்த மீன் காரைக்குடி வரை கெடாமல் வர: ஐஸ் கணக்கும் கைப்பக்குவமும்

தொண்டிக் கடலில் காலை ஏழு மணிக்குத் தூண்டிலில் ஏறிய பாறை மீன், காரைக்குடி அடுப்படிக்கு வந்து சேர மதியம் ஒரு மணி ஆகிவிடும். அந்த ஆறு மணி நேரத்தில் நாலு மணி நேரம் வெயிலில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகின் மேல், அரை மணி நேரம் கரை மணலில், மீதி நேரம் திருவாடானை, தேவகோட்டை வழியாகச் சாலையில். கடலோர ஊர்க்காரருக்குக் கரையேறியதும் வேலை முடிந்துவிடும். செட்டிநாட்டிலிருந்து போகிறவருக்கு அப்போதுதான் பாதி வேலை ஆகியிருக்கும். ஆகவே "எத்தனை கிலோ மீனுக்கு எவ்வளவு ஐஸ்" என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. "வீடு போய்ச் சேர எத்தனை மணி நேரம்" என்பதையும் சேர்த்துத்தான் ஐஸ் வாங்க வேண்டும்.

தொண்டி இருக்கிற பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். கரையோரத்தில் ஆளுயரத் தண்ணீர்கூட இல்லாத இடங்கள் நிறைய. அதனால் தண்ணீரும் சூடுதான். வருடத்தின் பெரும்பகுதி 28, 30 டிகிரியில் இருக்கும். மீனின் உடம்புச் சூடும் அதேதான். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் பக்கவாட்டில் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் "கடல் தண்ணீரில்தானே கிடக்கிறது" என்று தோன்றும். ஆனால் 30 டிகிரித் தண்ணீரில் செத்த மீன் குளிர்வதே இல்லை. திணறிச் செத்து அங்கேயே கெட ஆரம்பிக்கும். குளிர்நாட்டு ஏரிகளில் அப்படித் தொங்கவிடுவார்கள். அந்த ஏற்பாடு நம் தண்ணீருக்கு ஆகாது.

மீன் கெடும் வேகம் சூட்டோடு எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 0 டிகிரியில் ஒரு நாள் முழுக்க ஆகிற கேடு, 10 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ஆகிவிடும். 30 டிகிரியில் அதே கேடு ஓரிரண்டு மணி நேர வேலைதான். "தொட்டால் ஜில்லென்றுதானே இருக்கிறது" என்கிற 10 டிகிரிக்கும் உண்மையான ஐஸ் குளிருக்கும் நடுவே நாலு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. நடுமுள்ளுக்குப் பக்கத்தில் 4 டிகிரிக்குக் கீழே இறங்கிய மீன்தான் குளிர்ந்த மீன்.

ஐஸ் கணக்கு

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 26 கிலோகலோரி எடுக்க வேண்டும். அதாவது, மீனைக் குளிர வைக்க மட்டும் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ். ஐந்து கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இதைப் பார்த்துவிட்டு இரண்டு கிலோ ஐஸோடு கிளம்புகிறவர்கள் பதினோரு மணிக்கெல்லாம் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். ஐஸை அதிகம் தின்பது மீன் அல்ல, வெளியிலிருந்து உள்ளே வரும் சூடு.

30 லிட்டர் கொள்கிற பெட்டி, 25 மில்லிமீட்டர் தடிமன் தெர்மாகோல், வெளியே 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்தில் சுவர் வழியாக வரும் சூடு ஏறக்குறைய 1¾ கிலோ ஐஸை உருக்கும். அதே அளவுள்ள பை, 10 மில்லிமீட்டர் ஃபோம் மட்டும் என்றால் 4 கிலோ போய்விடும். இது நிழலில் இருக்கும்போது. நேர் வெயில் பட்டால் இன்னும் கூடும். மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கழியும்.

ஆக, ஐந்து கிலோ மீனை எதிர்பார்த்து, ஃபோம் பையோடு, வீடு வரை ஆறு மணி நேரம் என்றால் 8 கிலோ ஐஸ் எடுத்துப் போங்கள். நல்ல தெர்மாகோல் பெட்டி என்றால் 5 கிலோ போதும். அளவு சரியாக இருந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: வீட்டில் பையைத் திறக்கும்போது ஒரு கிலோவாவது உருகாமல் மிஞ்சியிருக்க வேண்டும். ஐஸ் ஒட்ட உருகிவிட்டிருந்தால், எந்த இடத்தில் தீர்ந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு மீன் எத்தனை டிகிரியில் கிடந்தது என்றும் தெரியாது.

இன்னொரு செலவைப் பலர் கவனிப்பதில்லை. ஐஸோடு கடல் தண்ணீரைச் சேர்த்தால் மீன் சீக்கிரம் குளிரும். அது சரி, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் 29, 30 டிகிரியில் இருக்கிற கடல் தண்ணீர் ஒரு லிட்டரைக் குளிர வைக்கவே 350 கிராம் ஐஸ் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினால், ஒரு மீன்கூட ஏறுவதற்குள் மூன்று கிலோ ஐஸ் கரைந்துவிடும். இதற்கு ஒரே மாற்று, உப்புத் தண்ணீரை வீட்டிலேயே குளிர வைத்து எடுத்துப்போவது. லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு கரைத்து, இரண்டு லிட்டர் பாட்டிலில் ஊற்றி, முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். 4, 5 டிகிரிக்கு வந்த தண்ணீர் ஐஸைக் கிட்டத்தட்டச் செலவே செய்யாது.

பையா, பெட்டியா

தெர்மாகோல் பெட்டி குளிரை நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. மீன் மார்க்கெட்டில் பெரிய மீன் வருகிற பெட்டியே கிடைக்கும். ஆனால் அது உயரமாக இருக்கும், கயாக்கில் காற்றுப் பிடிக்கும், மூலை நொறுங்கும். நொறுங்கிய வெள்ளை மணிகள் கடலில் மிதந்தால் திரும்பப் பொறுக்கவே முடியாது. எனவே வெறும் தெர்மாகோலைக் கயாக்கில் ஏற்றாதீர்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரை வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரி சுற்றி, விளிம்புகளை அகலமான டேப்பால் ஒட்டுங்கள். பசை தேவைப்பட்டால் மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசைதான். செருப்புக்கும் ரெக்சினுக்கும் ஒட்டுகிற மஞ்சள் பசை தெர்மாகோலைக் கரைத்துக் குழி போட்டுவிடும்.

பையில் தாழ்வான உருவம், நீளம், வளைந்துகொடுக்கும் தன்மை மூன்றும் கிடைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: நீளம் குறைந்தது 75 செ.மீ. (ஊளி மாதிரி நீளமான மீன் கிடைக்கிற இடம் என்றால் 90), வெள்ளை அல்லது வெளிர் நிறம், உள்துணி தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டியதாக இருப்பது, அடியில் ஒரு வடிகால் மூடி, துருப்பிடிக்காத பிளாஸ்டிக் ஜிப். தையல் போட்ட பையில் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கும். நனைந்த ஃபோம் குளிரைக் காக்காது. இரண்டு மாதத்தில் நாற்றமும் பிடிக்கும். பை நல்லதா என்று கடையிலேயே பார்க்கத் தெரியாவிட்டால், வீட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு பழைய செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் பை நல்ல பை.

கறுப்புப் பையைத் தொடவே வேண்டாம். சோற்று டப்பா கொண்டுபோகிற மெல்லிய வெள்ளித்தாள் பையும் இதற்கு ஆகாது. அதன் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

ஏற்கெனவே மெல்லிய பைதான் இருக்கிறது என்றால், மடக்கிய ஈரச் சாக்கை மேலே போடுங்கள். மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுகிற அதே வேலைதான். காரைக்குடிப் பக்கத்துக் காய்ந்த வெயிலில் இது நன்றாக வேலை செய்யும். கடல்மேல் காற்றிலேயே ஈரம் அதிகம், அதனால் பலன் கொஞ்சம் குறையும். இருந்தாலும் நேர் வெயிலைத் தடுக்கிறது என்பதே பெரிய உதவி.

முதல் நாள் இரவு

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்றை முக்கால்வாசிக்கு மேல், 900 மில்லி வரை நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். வாய்வரை நிரப்பினால் பாட்டில் வெடிக்கும் அல்லது அடி பிதுங்கிப் பையில் உட்காராது. வீட்டு ஃப்ரீசரில் நடுப்பகுதி வரை கெட்டியாக ஒரு முழு நாள் வேண்டும். இரவு பத்து மணிக்கு வைத்து விடிகாலை நாலு மணிக்கு எடுத்தால் ஓரம் மட்டும் உறைந்திருக்கும், நடுவில் தண்ணீர் ஆடும். வெள்ளிக்கிழமை கடலுக்கு என்றால் புதன்கிழமை இரவே வைத்துவிடுங்கள்.

பாட்டில் தண்ணீரில் உப்புச் சேர்த்தால் இன்னும் குளிரும் என்பது பாதிதான் உண்மை. லிட்டருக்கு 35 கிராம் வரை பரவாயில்லை. கைகையாய் அள்ளிப் போட்டால் வீட்டு ஃப்ரீசரின் குளிருக்கு அது கெட்டியாகவே ஆகாது. உறையாத உப்புத் தண்ணீரிடம் உருகுவதற்கு ஐஸ் இல்லை. ஆகவே அது சூட்டை உறிஞ்சும் வேலையையும் செய்யாது.

கடையில் விற்கும் நீல ஜெல் பொட்டலங்கள் சாப்பாட்டுக்குச் சரி. மீனுக்கு அவை துணைக்கு மட்டும். அவற்றின் தட்டையான மேற்பரப்பு மீனை இரண்டு மூன்று இடத்தில்தான் தொடும். தொடாத இடத்தில் காற்றுதான் இருக்கும், காற்று சூட்டைக் கடத்தாது. உலர்ஐஸ் (உறைய வைத்த கரியமில வாயு) வேண்டாம். அது மீனின் வெளிப்பக்கத்தை உறைய வைத்துச் சதையைக் கெடுக்கும், வெறும் கையையும் சுட்டுவிடும்.

பையையும் முந்தின இரவே குளிர வைக்க வேண்டும். மாடியறையில் பகலெல்லாம் கிடந்த பை, கிளம்பும்போது ஐஸ் போட்டதும் முதல் வேலையாகத் தன்னைக் குளிர்த்துக்கொள்ளும். உறைந்த பாட்டில் ஒன்றை உள்ளே போட்டு, ஜிப்பை மூடி, தரைத் தளத்தில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் அதைவிடக் குளிர்ந்த இடம் வீட்டில் கிடையாது.

ஐஸ் பார் வாங்குவதும் உடைப்பதும்

மீன் இறங்குகிற ஊர்களில் ஐஸ் கம்பெனி இருக்கும். உள்ளூரில் மீன் மார்க்கெட்டில் வியாபாரிகளிடம் கேட்டால் பாரிலிருந்து துண்டு உடைத்துத் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; அந்த மாதங்களில் விடிகாலை ஐஸ் கிடைக்குமா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பாரின் மேல் உமியோ மரத்தூளோ மண்ணோ ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் உடைக்க வேண்டும். மீனோடு படுகிற ஐஸ், குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்கட்டும். குடிக்கக் கூசுகிற ஐஸை மீன் மேல் போடாதீர்கள்.

சுத்தமான சாக்கில் போட்டு உலக்கையாலோ மரச்சுத்தியலாலோ உடையுங்கள். எல்லாவற்றையும் தூளாக்கிவிடாதீர்கள். நெல்லிக்காய் அளவுத் துண்டுகள் மீனை எல்லாப் பக்கமும் தொட்டுச் சீக்கிரம் குளிர வைக்கும், ஆனால் சீக்கிரம் உருகும். உள்ளங்கை அளவுத் துண்டுகள் மெதுவாக உருகி வீடு வரை தாங்கும். 8 கிலோவில் 3 கிலோ சின்னத் துண்டு, 2 கிலோ பெரிய துண்டு, மூன்று உறைந்த பாட்டில் என்பது நல்ல கலவை. பெரிய துண்டின் கூர் விளிம்பு பையின் உள்துணியைக் கிழிக்கும், மீனிலும் தழும்பு போடும். விளிம்பைத் தட்டி மழுக்கிவிடுங்கள்.

பையில் அடுக்கும் முறை: அடியில் பாட்டில்கள், அதன்மேல் பெரிய துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேல் சின்னத் துண்டுகள். மேலே ஒரு மடிப்புப் பழைய துவாலை அல்லது ஃபோம் தாள். பாதி காலியான பையில் மேலே நிற்கிற சூடான காற்று ஒவ்வொரு திறப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும். மீன் ஏறும் வரை அந்த இடத்தைத் துவாலை அடைத்துக்கொள்ளட்டும்.

கயாக்கில் எங்கே

மீனும் ஐஸும் தண்ணீரும் பையும் சேர்ந்தால் 17 கிலோவரை வரும். கயாக்கின் தாங்குதிறன் 150 கிலோ என்று எழுதியிருந்தால், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதியிருப்பது மிதக்கிற எல்லை. தளும்பாமல் ஓட்டுகிற எல்லை அதைவிடக் குறைவு.

மேலே உட்கார்ந்து ஓட்டுகிற கயாக்கில் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம்தான் ஐஸ் பைக்கு இயல்பான இடம். கனமான பக்கம் இருக்கையை ஒட்டி இருக்கட்டும். பின்கோடியில் போனால் முனை தூக்கிக்கொண்டு, காற்று அடிக்கிற பக்கமெல்லாம் திரும்பும். ஜிப் திறக்கும் பக்கம் உங்களை நோக்கி இருக்க வேண்டும். ஒரு கையில் துள்ளுகிற மீன், இன்னொரு கையால் பின்பக்கம் எட்டி ஜிப்பைத் தேடுவது: கயாக் கவிழ்வதற்கு இதைவிட நல்ல தருணம் கிடையாது. உடம்பை முறுக்கி எட்ட முடியாதவர்கள் சின்னப் பை ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை கால்களை இரு பக்கமும் தொங்கவிட்டு நிலைநிறுத்திக்கொண்டு பெரிய பைக்கு மாற்றலாம்.

எலாஸ்டிக் கயிறு மட்டும் போதாது. கவிழ்ந்தால் 17 கிலோ அதை இழுத்துக்கொண்டு போய்விடும். பையின் இரண்டு கைப்பிடிகளையும் கொக்கி வைத்த பட்டையால் கயாக்கின் வளையத்தோடு கட்டுங்கள். உங்கள் உடம்போடோ லைஃப் ஜாக்கெட்டோடோ எதையும் கட்டாதீர்கள்.

கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் இந்தக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும்; திரும்பும்போது நிறைந்த பையோடு எதிர்க்காற்றில் துடுப்புப் போட வேண்டும். நேரம் இரட்டிப்பாகும், ஐஸ் கணக்கும் கூடவே ஏறும். அந்த மாதங்களில் கரையை விட்டுத் தள்ளிப் போகாதீர்கள். எந்தப் பக்கம் வலை கிடக்கிறது, எப்போது காற்று எழும் என்பதைக் கரையில் நிற்கிற மீனவ அண்ணன்மாரிடம் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதையும்கூட, பாதுகாப்பும்கூட.

மீன் ஏறியதும் முதல் பத்து நிமிடம்

துள்ளித் துள்ளிச் செத்த மீன் சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் இளகும், சதையில் ரத்தம் தேங்கும். ஆகவே பிடித்தவுடன் கொன்றுவிட வேண்டும். கண்ணுக்குச் சற்று மேலே மண்டையில் கட்டையால் ஓங்கி ஓர் அடி. பெரிய மீன் என்றால் இரண்டு. அடுத்து, செவுள் மூடியைத் தூக்கி, செவுள்கள் தொண்டையில் சேருகிற இடத்தைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். கயாக்கில் கத்தியைவிடக் கனமான சமையல் கத்தரிக்கோல் பாதுகாப்பானது. ஆடுகிற தளத்தில் கத்தி முனை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மீனை வலைப்பையில் தலைகீழாகப் போட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் கடலில் முக்கிப் பிடித்தால் ரத்தம் வடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டாம். ரத்தம் வடிந்த பிறகு அந்த வெதுவெதுப்பில் வைத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

குடலைக் கயாக்கிலேயே எடுக்க வேண்டுமா? மீன் நேராக ஐஸ் கூழுக்குள் (ஐஸும் குளிர்ந்த உப்புத் தண்ணீரும் கலந்தது) போகிறது, நாலைந்து மணி நேரத்தில் கரையேறிவிடுவீர்கள் என்றால் தேவையில்லை. திறந்த வயிற்றில் அழுக்குத் தண்ணீர் ஏறுவதைவிட மூடிய வயிறே மேல். ஆனால் ஐஸ் பற்றாது என்று தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். சூட்டில் மீனின் சொந்தச் செரிமானச் சாறே வயிற்றுச் சுவரைக் கரைத்துவிடும். சூடை, அயிலை மாதிரி மீன்களில் வயிறு வெடித்துப் போவது இதனால்தான்.

பைக்குள் போடுவதற்கு முன் முட்களைக் கவனியுங்கள். கெளுத்தியின் பக்க முட்களிலும் ஓராவின் முதுகு, வயிற்று முட்களிலும் விஷம் உண்டு; குத்தினால் பொறுக்கிற அளவு வெந்நீரில் கையை வைத்திருப்பதுதான் முதலுதவி. கயாக்கில் வெந்நீருக்கு எங்கே போவது? அதனால் தடித்த கையுறையோடு பிடித்து, முட்களைக் கத்தரித்துவிட்டு உள்ளே போடுங்கள். கை தப்பிப்பதோடு பையும் தப்பிக்கும். உள்துணியில் முள் போடுகிற ஓட்டை கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஃபோம் அன்றிலிருந்து நனைய ஆரம்பிக்கும்.

முதல் மீன் ஏறும்போதுதான் குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஐஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மேலும் ஒரு சின்னப் பிடி கல்லுப்பு, 50 கிராம் போல. இந்த ஐஸ் கூழ் 0 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும், மீனை இடைவெளி இல்லாமல் எல்லாப் பக்கமும் தழுவும். வெறும் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே கிடக்கிற மீனைவிடக் கூழில் முங்கிய மீன் தெளிவாக வேகமாகக் குளிரும். உப்பைக் கூட்டினால் ஐஸ் வேகமாக உருகித் தீரும், மீனின் வெளிப்புறம் உறைந்துபோகும். மீன் சதை உறைய ஆரம்பிப்பதே 0-க்கு ஒன்றிரண்டு டிகிரி கீழேதான்.

மீனை வளைக்காமல் நீளவாட்டில் கிடத்துங்கள். வளைந்த நிலையில் விறைத்த மீனை நிமிர்த்தினால் சதை பிளந்துகொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் நடுவில் ஐஸைத் தள்ளுங்கள். தடிமன் இரண்டு மடங்கானால் நடுமுள் வரை குளிர ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் ஆகும். ஒட்டிக் கிடக்கிற இரண்டு மீன் ஒரு தடித்த மீனுக்குச் சமம். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட பாறை, கொடுவா கிடைத்தால் அதன் செவுளை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் ஐஸைத் திணித்து வையுங்கள்.

எந்த உயிருக்கு எது

அயிலை, சூரை, நெய்மீன் இனங்களில் குளிரைத் தள்ளிப்போடவே கூடாது. இவற்றின் சதை சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, வாந்தி வரும். மீன் நாறாமலேயே இது நடக்கலாம். புளியும் மிளகாயும் போட்டு எத்தனை கொதி விட்டாலும் ஹிஸ்டமின் போகாது. மீன் பிடித்த அரை மணி நேரத்துக்குள் ஐஸ் கூழில் போட முடியாது என்றால், அந்த மீனைக் கொல்லாமல் உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டுவிடுவது மேல்.

கணவாய் நல்ல தண்ணீர் பட்டால் நிறம் மாறித் தொய்ந்துவிடும். மூடிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை ஐஸுக்குள் புதையுங்கள்.

நண்டை ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அங்கேயே செத்துவிடும். செத்த நண்டின் சதை சிறிது நேரத்தில் கரையும். கால்களைக் கட்டி, கடல் தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி, நிழலில், ஐஸ் பையின் மேல்பக்கத்தில் வைத்தால் உயிரோடு வீடு வந்து சேரும். நண்டு ரசத்துக்கு உயிர் நண்டே தனி.

கண்மாய் மீன் பிடிப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் கயாக் ஓடுகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் சம்மதம் வேண்டும். குடிதண்ணீர் ஊருணியில் இறங்கவே கூடாது. விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். ஈரச் சாக்கில் நிழலில் வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டுக்கு வந்து கொன்று உடனே அறுக்கலாம். ஆனால் ஜிலேபிக் கெண்டையும் கட்லாவும் அப்படித் தாங்காது. கடல் மீனைப் போலவே ஏறியதும் கொன்று, ரத்தம் வடித்து, ஐஸில் போட வேண்டும். தூரம் குறைவு என்பதால் ஐஸ் பாதி போதும்.

கரையும் சாலையும்

கரையேறியதும் நிழல் இருக்கிற இடத்தில் பையைத் திறந்து, கூழ்த் தண்ணீரை வடிகால் வழியாக முழுக்க இறக்குங்கள். கடலில் வேகமாகக் குளிரத்தான் அந்தத் தண்ணீர் தேவைப்பட்டது. இனி ஐஸ் உருக உருக அது வெறும் நல்ல தண்ணீர் ஆகிக்கொண்டே போகும், ரத்தமும் வழுவழுப்பும் சேரும். அதில் ஊறுகிற மீன் வெளிறும், கண் மங்கும், சுவை இறங்கும். மீனை இனி ஈரமாக இல்லாமல் குளிராக வைத்திருக்க வேண்டும்.

குடல் எடுப்பதென்றால் இங்கேயே எடுத்துவிடலாம். துறைமுகக் கரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். எண்ணெயும் கழிவும் மிதக்கும். கொண்டுவந்த குடிதண்ணீரில் உப்புக் கரைத்துக் கழுவுங்கள். நடுமுள்ளை ஒட்டிய கறுஞ்சிவப்பு ரத்தக்கோட்டைச் சுரண்டி எடுத்தால்தான் வாடை அடங்கும். வயிறு திறந்த மீனை வயிறு கீழே பார்க்கக் கிடத்துங்கள், உள்ளே தண்ணீர் தேங்காது. மிஞ்சிய ஐஸை மேலே பரப்புங்கள். குளிர் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டு கிலோவுக்குக் குறைவாக மிஞ்சியிருந்தால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே இன்னும் இரண்டு கிலோ வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் மிச்சம் பிடித்துத்தான் பலருடைய மீன் திருவாடானை தாண்டுவதற்குள் தளர்ந்துபோகிறது.

வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள். மூடிய டிக்கி வெளி வெயிலைவிடச் சூடு. இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில், ஏசி காற்று படும்படி வையுங்கள். கயாக்கோடு சேர்த்து மேலே கட்டுவது, டூவீலரில் சைலன்சர் பக்கம் தொங்கவிடுவது இரண்டுமே கூடாது. வழியில் "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று திறப்பதும் வேண்டாம். பார்க்க ஆசைப்பட்டால் கம்பி வைத்த சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கி, கரையில் கூழ்த் தண்ணீரை இறக்கும் முன்பே பெரிய மீனின் முதுகுத் தடிப்பில் நடுமுள் வரை செருகிப் பாருங்கள். 4-க்குக் கீழே என்றால் கவலை இல்லாமல் வண்டியை எடுக்கலாம். 10 காட்டினால் தண்ணீரை இறக்காமல், இன்னும் அரை மணி நேரம் உப்பு ஐஸ் கூழிலேயே முக்கிக் குளிர வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில்

அன்றே குழம்பு என்றால் அறுக்கிற வரை ஐஸை விட்டு வெளியே எடுக்காதீர்கள். விறைத்திருக்கிற பெரிய மீனைத் துண்டு போடாமல், விறைப்பு இறங்கும் வரை ஐஸிலேயே விட்டு வைத்தால் சதை சுருங்காது, வறுக்கும்போது துண்டு வளையாது. ஒரு நாள் வைத்துச் சமைப்பதென்றால், அகலப் பாத்திரத்தின் மேல் ஓட்டைத் தட்டு வைத்து, தட்டில் மீனும் ஐஸும், கீழே உருகிய தண்ணீர் வடிகிற மாதிரி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். அதற்கு மேல் போகுமென்றால் ஒரு வேளைக்கான அளவில் தட்டையான பொட்டலங்களாகக் கட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். மொத்தமாக ஒரே உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி உறைய மறுநாள் ஆகும்.

பையை அன்றே கழுவ வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து தையலிலும் மூலையிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு, கடைசியில் வாளித் தண்ணீருக்கு ஒரு கை சமையல் சோடா கலந்து பத்து நிமிடம் ஊறவைத்துக் கொட்டுங்கள். ஜிப்பில் உப்புப் பூத்திருந்தால் பழைய பல்தேய்ப்பானால் தேய்த்து, மெழுகுவத்தியை ஓட்டிவிடுங்கள். வாய் திறந்தபடி, தலைகீழாக, நிழலில் காயட்டும். வெயிலில் காயப்போட்டால் உள்துணி வெடிக்கும். மூடி வைத்தால் அடுத்த தடவை திறக்கும்போது போன தடவை மீன் வாடை அடிக்கும்.